கடைசலரும் மின்பணியாளரும்

தொழில் கற்கப் புகும் இளைஞர் முன்னாளில் இரண்டு செய்திகளையே ஆராய்ந்தனர். அத்தொழிலால் கிடைக்கும் ஊதியம் யாது என்பது ஒன்று. அதனைப் பழுதறக் கற்பிக்கும் ஆசான் யாவர் என்பது மற்றொன்று. இந்நாளில் மூன்றாவது வினா ஒன்றும் எழுந்துள்ளது. 'நான் இதனைக் கற்றுத் தேர்ந்து வரும்போது, இதே வேலையைச் செய்ய ஒரு பொறி வந்து நிற்குமோ?' என்பதே அது. மனிதரோடு உரையாடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் 2022ஆம் ஆண்டின் இறுதியில் பொதுமக்கள் கைக்கு எட்டியது. அதன் பின்னர் இவ்வினா அலுவலகங்களில் மட்டுமன்றித் தொழிற்கூடங்களிலும் கேட்கப்படுகிறது.

வினா நேரியதே. அதற்கு அச்சத்தால் விடை காண்பதும் தகாது. 'ஒன்றும் நேராது' என்று ஆறுதல் கூறி அமைவதும் தகாது. தொழிலை அணுகிப் பார்த்தே விடை காணல் வேண்டும். ஆதலின் ஈண்டு இரண்டு தொழில்களை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ், தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிக்கப்படும் தொழில்களுள் கடைசலர் தொழிலும் மின்பணியாளர் தொழிலும் பெயர் பெற்றவை. இரண்டிற்கும் பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். ஒரே நிலையத்தில், ஒரே வயதுடைய மாணவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து கற்கின்றனர். ஆயினும் செயற்கை நுண்ணறிவு இவ்விரண்டையும் ஒரே வகையாகத் தீண்டுவதில்லை.

கடைசலரின் தொழிலை முதலில் காண்போம். கடைசலர் என்று பட்டறையில் அழைத்தால் திரும்பிப் பார்ப்பவர் அரியர்; டர்னர் என்றால்தான் நிமிர்வர். அவர் நிற்கும் கடைசல் பொறிக்கு லேத் என்பது வழக்குப் பெயர். சுழலும் பிடியில் உலோகத் துண்டைப் பூட்டி, கூரிய கருவியை அதன்மேல் செலுத்தி, வேண்டிய வடிவமாகச் சீவி எடுப்பதே அத்தொழில். சொல்லுக்கு எளிது, செயலுக்கு அரிது. நீர் இறைக்கும் பம்பின் தண்டு ஒன்றைக் கடைவதாகக் கொள்வோம். பேரிங் அமரும் இடத்தில் மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கு மிகுந்தால் அது உள்ளே ஏறாது; அவ்வளவு குறைந்தால் நிலைத்து நில்லாது. மனிதத் தலைமயிரின் தடிப்பே அத்தகைய பங்குகள் ஆறேழு சேர்ந்தது என்றால், அந்த நுண்மையை நாம் உணரலாம்.

இந்நுண்மையைக் காக்கும் அறிவு ஏட்டில் முழுதும் அடங்குவதன்று. வார்ப்பிரும்பைச் சீவினால் தூளாக உதிரும். மெல்லெஃகு நீண்ட சுருளாக வரும். பித்தளை சிறு சில்லுகளாகத் தெறிக்கும். எஃகுச் சுருள் நீலம் பாய்ந்து வருமாயின் வெப்பம் மிகுந்துவிட்டது என்பது பொருள். கருவியின் முனை மழுங்குவதைக் கண் காண்பதற்கு முன்னரே காது அறியும்; சீரான ஓசையில் ஒரு கீச்சொலி கலக்கும். தேர்ந்த கடைசலர் அவ்வொலி கேட்ட அளவில் பொறியை நிறுத்துவர். கோயம்புத்தூர்ப் பகுதியில் 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் தொடங்கியபின் ஆலைகளும், மோட்டார், பம்பு செய்யும் பட்டறைகளும் பெருகின. அவற்றின் வளர்ச்சிக்கு இத்தகைய காதுகளும் கைகளும் ஆற்றிய பங்கு சிறிதன்று.

இனி, இத்தொழிலுள் பொறி புகுந்த வரலாற்றை நோக்குவோம். அது நேற்றுப் புகுந்ததன்று. பழங்காலத்துக் கடைசலர் கருவியைக் கையிலேயே பற்றி நின்றார். இங்கிலாந்து நாட்டு ஹென்றி மாட்ஸ்லே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செம்மைப்படுத்திய திருகு வெட்டும் கடைசல் பொறியில், கருவியைப் பற்றும் வேலையை நகரும் இரும்புத் தாங்கி ஏற்றுக்கொண்டது. மனிதர் தாங்கியை நகர்த்தும் கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றினால் போதும். அடுத்து, அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பார் ஹெலிகாப்டர் இறகுகளுக்கு வேண்டிய நுண்ணிய வளைவுகளை எண்களால் குறித்து வெட்டும் முறையை எண்ணினார். அவ்வெண்ணத்தின் வழிவந்த பொறியை மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952இல் இயக்கிக் காட்டினர். துளையிட்ட நாடா கட்டளையிட, பொறி தானே வெட்டியது. அந்நாடாவின் இடத்தில் பின்னர்க் கணினி அமர்ந்தது. இன்று பட்டறைகளில் சி.என்.சி. என்று வழங்கும் பொறிகள் அவ்வழி வந்தவையே.

முதற்படியில் கையின் பிடியைப் பொறி பெற்றுக்கொண்டது. இரண்டாம் படியில் கையின் அசைவைப் பெற்றுக்கொண்டது. எஞ்சி நின்றது தீர்மானம். எந்தக் கருவியைத் தேர்வது, எவ்வளவு ஆழம் வெட்டுவது, எத்துணை விரைவாகச் சுழற்றுவது, எப்போது நிறுத்துவது என்பனவற்றை மனிதரே முடிவு செய்தனர். கணினிக்குரிய கட்டளை வரிகளை எழுதியவரும் மனிதரே. செயற்கை நுண்ணறிவு கை வைப்பது இந்த மூன்றாம் படியில்தான். வரைபடத்தைக் கண்டு கருவி செல்லும் பாதையைத் தானே வகுத்துரைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பொறியின் அதிர்வை இடைவிடாது அளந்து, முனை மழுங்குவதை முன்னறிவிக்கும் உணரிகள் உள்ளன. முடிந்த பொருளை ஒளிப்படக் கருவி நோக்கிக் குற்றமுள்ளதைத் தனியே ஒதுக்குகிறது. துண்டை எடுத்துப் பூட்டவும் கழற்றவும் எந்திரக் கை காத்து நிற்கிறது. கீச்சொலி கேட்ட அந்தக் காதுக்கும் மாற்று வந்துவிட்டது என்றே கூறவேண்டும்.

மின்பணியாளர் தொழிலுக்கு வருவோம். வீட்டிற்குக் கம்பி இழுத்து, விளக்கும் விசிறியும் மாட்டித் தருவதே அவர் பணி என்று பலர் எண்ணுகின்றனர். அது பணியின் ஒரு பகுதியே. பழுது காண்பதில்தான் அவர் திறமை விளங்கும்.

மழைக்காலத்தில் ஒரு வீட்டில், மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அடிக்கடி விழுகிறது என்று கொள்வோம். வீடுகளில் பொருத்தும் அக்கருவி, பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவுக்குள் கசிவை உணர்ந்து இணைப்பை அறுப்பது. அழைக்கப்பட்டு வந்த மின்பணியாளர் எல்லாச் சுற்றுகளையும் முதலில் நிறுத்துகிறார். பின்பு ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்க்கிறார். கூடத்துச் சுற்றைச் செலுத்தியதும் கருவி விழுகிறது. அச்சுற்றில் செருகியிருந்த பொருள்களையெல்லாம் கழற்றச் சொல்கிறார், அப்போதும் விழுகிறது. பழுது பொருள்களில் இல்லை, சுவருக்குள் ஓடும் கம்பியில் உள்ளது என்பது தெளிவாகிறது. மெக்கர் கொண்டு காப்புறையின் தடையை அளந்து அதனை உறுதி செய்துகொள்கிறார். ஆனால் சுவர் நீளமானது, எங்கே உடைப்பது? அவர் சுவரைச் சுற்றிப் பார்க்கிறார். ஓரிடத்தில் ஈரம் பரந்திருக்கக் காண்கிறார். "அம்மா, இந்தச் சுவரில் அண்மையில் ஆணி ஏதேனும் அறைந்தீர்களா?" என்று வீட்டுத் தலைவியை வினவுகிறார். சென்ற மாதம் படம் ஒன்று மாட்டியதாக விடை வருகிறது. ஆணி கம்பியின் உறையைக் கிழித்திருந்தது. சுவர் காய்ந்திருந்தவரையில் கேடு வெளிப்படவில்லை. மழையில் நனைந்ததும் மின்சாரம் ஆணி வழியே சுவரில் கசிந்தது.

இவ்விடத்தில் செயற்கை நுண்ணறிவு உதவாதா எனின், உதவும். அறிகுறிகளை எடுத்துரைத்தால் அது காரணங்களை வரிசையாகக் கூறும். ஆணியையும் அவ்வரிசையில் சேர்த்துக் கூறக்கூடும். இளம் மின்பணியாளர் ஒருவருக்கு அது நல்ல துணையே. ஆயினும் மின்னிணைப்பை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, ஏணியில் ஏறி, உடைந்துபோகும் பழைய காப்புறையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, 'இதனை ஒட்டுவதா, முழுதும் மாற்றுவதா' என்று முடிவு செய்து, சுவரையும் மிகுதியாக உடைக்காமல் வேலையை முடித்துத் தர அதனால் இயலாது. அவ்வாறு இயலும் எந்திர மனிதனைச் செய்ய முயல்வோர் பலர் உளர். பழக்கப்பட்ட கூடத்தில் நடக்கவும் பெட்டி தூக்கவும் அவர்கள் அதனைப் பழக்கியுள்ளனர். இரண்டு வீடுகள் ஒன்றுபோல் இராத தெருவில், குறுகிய பரண்மேல், இருட்டில், முப்பது ஆண்டுகளுக்கு முன் எவரோ தம் விருப்பம்போல் இழுத்துவிட்ட கம்பிகளிடையே அதனை விட்டால் என்ன ஆகும் என்பது வேறு செய்தி.

இங்கே வியப்பான உண்மை ஒன்று தோன்றுகிறது. இரண்டு தொழில்களுள் எது நுண்ணியது என்று கேட்டால் கடைசல் என்றே பெரும்பாலோர் கூறுவர். மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கைக் காக்கும் தொழில் அஃது. மின்பணியாளர் சுவரில் வெட்டிய பள்ளம் விரற்கடை அளவு விலகினும் பூச்சு மறைத்துவிடும். இருந்தும், பொறி முதலில் கைப்பற்றியது நுண்ணிய தொழிலைத்தான். ஹான்ஸ் மொராவெக் என்னும் எந்திரனியல் அறிஞர் 1988இல் வெளியிட்ட நூலில் இத்தகைய முரணை எடுத்துக்காட்டினார். மனிதர் அரிதென்று எண்ணும் கணக்கும் சதுரங்கமும் கணினிக்கு எளியவாகவும், ஒரு வயதுக் குழந்தை இயல்பாகச் செய்யும் காணலும் நகர்தலும் கணினிக்கு அரியவாகவும் இருக்கின்றன என்பது அவர் கருத்து.

கடைசலின் நுண்மையே அதற்குப் பகையாயிற்று என்று கூறினும் தவறாகாது. நுண்மையை வேண்டி, அத்தொழிலார் தம் பணியிடத்தை முன்னமே ஒழுங்குபடுத்திவிட்டனர். துண்டு பிடியில் அசையாமல் நிற்கிறது. உலோகம் இன்னதென்று அறியப்பட்டது. ஒவ்வோர் அளவும் வரைபடத்தில் எண்ணாக எழுதப்பட்டுள்ளது. எண்ணாக எழுதப்பட்ட தொழிலைப் பொறி படித்துக்கொள்வதற்குத் தடை யாது? மின்பணியாளரின் தொழிலோ அவ்வாறு எழுதப்படவில்லை. பழைய வீடுகளில் கம்பிகள் செல்லும் வழிக்கு வரைபடம் கிடைப்பதே அரிது. தொழிலின் இக்குழப்பத்தை அவர் நாள்தோறும் நொந்துகொள்கிறார். அவரைக் காத்து நிற்பதும் அக்குழப்பமே.

இதனை அறிஞர் கணக்கிட்டும் பார்த்துள்ளனர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரே, ஆஸ்போர்ன் என்னும் இருவர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்க நாட்டின் 702 தொழில்களை ஆராய்ந்து, அந்நாட்டு வேலைகளில் நூற்றுக்கு 47 பங்கு கணினிமயமாகும் பேரிடரில் உள்ளன என்றனர். அவர்தம் பட்டியலில் மின்பணியாளருக்கு நேர்ந்த இடர் நூற்றுக்கு 15. கடைசலருக்கு நெருங்கிய பொறிவினைஞருக்கு நூற்றுக்கு 65. நாம் மேலே கண்டதற்கு இவ்வெண்கள் அரண் செய்கின்றன.

எண்களைக் கண்டு மயங்குதல் கூடாது. அவை தொழில்நுட்பத்தால் இயலுமா என்பதை மதிப்பிட்டனவேயன்றி, எந்த ஆண்டில் எத்தனை பேர் வேலை இழப்பர் என்று கூறவில்லை. மேலும், 2016இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனத்திற்காக 21 நாடுகளை ஆராய்ந்த வேறு சிலர், நூற்றுக்கு 9 வேலைகளே அத்தகைய இடரில் உள்ளன என்றனர். 47 எங்கே, 9 எங்கே! வேறுபாட்டிற்குக் காரணம் கணக்கிட்ட முறையே. முன்னவர் தொழிலை முழுமையாக நிறுத்து நோக்கினர். பின்னவர் அத்தொழிலில் உள்ளோர் நாள்தோறும் செய்யும் பல்வேறு செயல்களைப் பிரித்து நோக்கினர். பின்னவர் முறையே உண்மைக்கு நெருங்கியது என்பது என் கருத்து. எவரும் ஒரு பெயரைத் தொழிலாகச் செய்வதில்லை. பல செயல்களைத்தான் செய்கின்றனர்.

அவ்வாறு பிரித்துப் பார்த்தால், இடர் என்னும் கோடு இரு தொழில்களுக்கும் இடையே செல்லவில்லை, ஒவ்வொரு தொழிலின் உள்ளேயும் செல்கிறது என்பது புலனாகும். தொழிற்சாலைகளுக்குரிய மின்பலகைகளை ஒரே கூடத்தில் அமர்ந்து ஒன்றுபோல் இணைப்பவரும் மின்பணியாளரே. கம்பியை அளந்து வெட்டவும், உறை உரிக்கவும், முனை அழுத்தவும் பொறிகள் உள்ளன. அங்கே அவர் நிலை கடைசலர் நிலையை ஒத்ததே. இதற்கு மறுதலையாகச் சிற்றூர்ப் பட்டறையில் நிற்கும் முதிய கடைசலரைப் பாருங்கள். உழவர் ஒருவர் தேய்ந்து முறிந்த பம்புத் தண்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறார். செய்த நிறுவனம் மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின, வரைபடம் இல்லை. தேயாத ஓரத்தை அளந்து பழைய அளவை ஊகித்து, தேய்ந்த இடத்தில் பற்றவைத்து உலோகம் ஏற்றி, மீண்டும் கடைந்து, மாலைக்குள் தரவேண்டும்; வயலில் நெல் காய்கிறது. இந்த ஒரே ஒரு தண்டுக்காகக் கட்டளை வரி எழுதி எந்திரக் கையை அமர்த்துவார் எவரும் இலர். ஆயிரம் தண்டுகள் வேண்டும் இடத்தில் பொறி வெல்லும். ஒன்றே ஒன்று வேண்டும் இடத்தில் மனிதர் வெல்வர்.

பொறியால் இயலும் என்பதனாலேயே பொறி வந்துவிடுவதுமில்லை. அதன் விலை பல இலட்சம் ரூபாய். அதற்கு வட்டி உண்டு. இடைவிடாத வேலை வேண்டும். ஊதியம் குறைந்த நாட்டில் சிறு பட்டறை உரிமையாளர் அக்கணக்கைப் பலமுறை போட்டுப் பார்ப்பார். நம் நாட்டில் மாற்றம் மெல்ல வருவதற்கு இது ஒரு காரணம். இதனை நாம் பெருமையாகக் கொள்வதற்கு இடமில்லை; மனிதர் உழைப்பு மலிவாக இருப்பதால் கிடைத்த காவல் இது.

கடைசலர் தொழிலில் வேலை இழப்பினும் பெரிய கவலை ஒன்று உள்ளது. முன்பு பட்டறையில் சேர்ந்த சிறுவன் முதலில் உலோகச் சுருள்களைப் பெருக்கினான். பின்பு முகம் சீவினான். எளிய உருளை கடைந்தான். திருகு மரை வெட்டினான். கருவியைத் தீட்டக் கற்றான். பல ஆண்டுகளில் எளியவற்றினின்று அரியவற்றிற்கு ஏறினான். ஓசையை அறியும் காது அவ்வேணியில் ஏறும்போது வாய்த்ததே. எளிய வேலைகளையெல்லாம் பொறி எடுத்துக்கொண்ட கூடத்தில் இன்று சேரும் இளைஞர், துண்டைப் பூட்டிப் பொத்தானை அழுத்துகிறார், கதவு மூடிக்கொள்கிறது, உள்ளே நடப்பதை அவர் காண்பதுமில்லை, கேட்பதுமில்லை. பொறியைப் புதிய வேலைக்கு அமைத்துத் தரவும், அது தவறும்போது காரணம் கண்டறியவும் தேர்ந்தவர் எப்போதும் வேண்டும். கீழ்ப்படிகளை எடுத்துவிட்ட ஏணியில் அவர் எவ்வாறு மேலேறுவார்? இதற்குப் பட்டறைகள் விடை காணவில்லை. பயிற்சி நிலையங்களில் கையால் இயக்கும் பழைய கடைசல் பொறிகளைத் துருப்பிடிக்க விடாமல் வைத்திருப்பது அதற்கு ஓரளவு உதவலாம். அவற்றைப் பழைய இரும்பாகக் கருதி விற்றுவிடுவோர் சிக்கனம் செய்கின்றவர் அல்லர்.

மின்பணியாளருக்கு ஏணி அப்படியே உள்ளது. குழாய் பதித்தல், கம்பி இழுத்தல், பெட்டி பொருத்தல் எனும் தொடக்க வேலைகளை எவரும் பறிக்கவில்லை. போதாதற்குக் கூரைமேல் ஞாயிற்றொளித் தகடு அமைத்தல், மின்வண்டிகளுக்கு மின்னேற்றும் நிலையம் அமைத்தல் ஆகிய புது வேலைகளும் சேர்ந்துள்ளன. ஆனால் பொறியினின்று காவல் என்பது வறுமையினின்று காவல் அன்று. உயிருக்குக் காவலும் அன்று. இன்று கையுறையின்றி, எழுத்துவழி ஒப்பந்தமின்றி, இணைப்பை நிறுத்தாமலே ஏணியில் ஏறும் மின்பணியாளர் பலர். பொறிக்கு அஞ்சி எல்லோரும் இத்தொழிலையே நாடினால் கூலி மேலும் குறையும் என்பதையும் நினைத்தல் வேண்டும். 'எத்தொழிலைப் பொறி தொடாது' என்று மட்டும் பார்த்துத் தொழில் தேர்வோர் இப்பக்கத்தைக் காண மறந்துவிடுகின்றனர்.

இவ்விரு தொழிலாரும் ஒருங்கே நிற்கும் இடம் ஒன்று உண்டு. சி.என்.சி. பொறி நடுவேலையில் நின்றுபோகும்போது அதன் திரையில் ஒரு எண் தோன்றும். அவ்வெண்ணுக்குரிய காரணங்களைப் பொறியின் கையேடு கூறும். செயற்கை நுண்ணறிவு அதனினும் விரைவாகக் கூறும். காரணங்கள் பல, உண்மை அவற்றுள் ஒன்றே. வெட்டும்போது தெளிக்கும் குளிர்ப்பு நீர் இணைப்பானுள் கசிந்திருக்கலாம். எலி கம்பியைக் கடித்திருக்கலாம். அச்சைச் சுழற்றும் பேரிங் தேய்ந்திருக்கலாம். கடைசலர் சுழலியைக் கையால் மெல்லத் திருப்பி, எங்கேனும் கரகரக்கிறதா என்று செவி சாய்க்கிறார். மின்பணியாளர் முதன்மை இணைப்பை நிறுத்தி, பொறியின் பின்புறம் சென்று, கைவிளக்கை வாயில் கவ்வியபடி பெட்டியின் கதவைத் திறக்கிறார்.